அண்ணாமலையில் ஒரு வெள்ளோட்டம்

உங்கள் வீட்டில் யாருக்காவது புதுக் கார் வாங்கும் ஜுரம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். இன்னும் வரவில்லை என்றால், இதைப் படித்துவிட்டு ஜாக்கிரதையாக இருங்கள்.

என் தம்பிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சாதாரணக் கார் என்றால் பரவாயில்லை. அவன் கண் வைத்திருப்பது 'தார்' மீது.

"ரோட்டுக்குப் போடுகிறதா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லேம்மா, ராஜஸ்தான் பாலைவனம்."

"நமக்கு எதுக்குடா பாலைவனம்? மாம்பலத்திலே நின்னா போதாதா?"

மஹீந்திரா கம்பெனியின் ஜீப் ஜாதி வண்டி அது. 2010-ல் முதல் தார் வந்தது. அதை அடியோடு மாற்றி, 2020 அக்டோபர் 2-ந் தேதி இரண்டாவது தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்குப் பழைய பட்டாளத்து ஜீப் மாதிரி முரடாக இருக்கும். உள்ளே ஏர்கண்டிஷன், பாட்டுப் பெட்டி, தொட்டால் ஒளிரும் திரை எல்லாம் உண்டு. முரட்டு வேஷம் போட்ட சொகுசுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'ஸ்போர்ட்' என்ற அடைமொழியோடு வரும் வண்டி. என்ன விளையாட்டு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

தம்பியிடம் இருக்கும் பணம், பத்து வருஷச் சேமிப்பு. அதனால்தான் கொஞ்சம் யோசித்தான். "அக்கா, விற்கிறவன் சொல்றதை நம்பக் கூடாது. வாங்கி ஓட்டறவங்களைக் கேட்கணும். திருவண்ணாமலைக்குப் போனால் நாலு ஊர்க்காரங்க வண்டியும் ஒரே இடத்திலே நிக்கும்" என்றான். அம்மாவுக்கோ முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அண்ணாமலையாரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்குப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை. மூன்று பேருக்கும் மூன்று காரியம். பழைய காரில் விடியற்காலை கிளம்பினோம். தம்பி மனைவி மட்டும் வரவில்லை. குழந்தைக்குப் பரீட்சை.

வண்டலூரைத் தாண்டும்போது எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. 1961-லிருந்து அவர்கள் செய்து விற்ற 'ஹெரால்டு' கார் உங்கள் பாட்டனார் வீட்டில்கூட நின்றிருக்கலாம். சீமையிலிருந்து வந்த அழகான உருவம். ஆனால் கதவு இரண்டுதான். பின்னால் உட்காருகிறவர்கள் முன் ஸீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்து போக வேண்டும். பட்டுப் புடைவையும் பட்சணத் தூக்கும் கையுமாகக் கல்யாணத்துக்குப் போகும் நம் மாமிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. 1968-ல் அந்தக் கம்பெனி நாலு கதவு வைத்த ஹெரால்டைக் கொண்டுவந்தது.

"எதுக்கு இந்தக் கதை?" என்றான் தம்பி சந்தேகத்தோடு.

"சும்மாத்தான்" என்றேன். அவன் மனத்தில் இருந்த தாருக்கும் பக்கவாட்டில் இரண்டே கதவு.

செங்கற்பட்டுக்கு முன்னால் மஹீந்திரா உலக நகரம் என்று ஒரு பெரிய வளைவு தெரிந்தது. 2012-லிருந்து அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் நடக்கிறது. தம்பி கோவிலைப் பார்த்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

திண்டிவனத்தில் மேற்கே திரும்பி, செஞ்சிக் கோட்டையைக் கடந்து, வெயில் ஏறுவதற்குள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம். தூரத்திலிருந்தே மலை வந்துவிடுகிறது. ஊர் பிறகுதான் வருகிறது. கிழக்கு ராஜகோபுரம் பதினோரு நிலை, 217 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அம்மாவுக்குக் கழுத்து சரியாக இருக்கிறது, கால்தான் தகராறு. இரண்டு பிராகாரம் நடந்து தரிசனம் முடித்து வெளியே வந்தவள் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே தேரடி வீதி. இந்த ஊருக்கென்று ஐந்து கார்கள் உண்டு, தெரியுமா? இங்கிலீஷில் தேருக்கும் 'கார்' என்றுதானே எழுதுகிறார்கள்! கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பிள்ளையார், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என்று ஒன்றன் பின் ஒன்றாக மாட வீதியில் வரும். அம்மன் தேரின் வடம் பெண்களுக்கே உரியது. சண்டிகேசுவரர் தேரைக் குழந்தைகள் இழுப்பார்கள். பெரிய தேரைச் செப்பனிட்டு, 2024 நவம்பரில், தீபத்துக்கு முன்னால் வெள்ளோட்டம் விட்டார்கள். 'டெஸ்ட் டிரைவ்' என்று நாம் நாக்கைச் சுழற்றுகிறோமே, அதற்கு நம்மிடம் எவ்வளவு அழகான வார்த்தை இருக்கிறது பாருங்கள்: வெள்ளோட்டம்! சாமியை ஏற்றுவதற்கு முன் வெறும் தேரை ஓட்டிப் பார்ப்பது.

"தேர் ஓடறது பெரிசில்லே அம்மா, நிக்கிறதுதான் பெரிசு" என்றார் கடைக்காரப் பெரியவர். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றிச் சொன்னார். ஓடுகிற தேருக்குப் பக்கத்திலேயே ஓடி, சமயம் பார்த்துக் கட்டையைச் செருகி, கையையும் காலையும் இழுத்துக்கொள்ள வேண்டும். அரை விநாடி தப்பினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருவாரூர் ஆழித் தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்று, 1970-ல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தது. பிறகு அதற்கு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் இழுக்கிற வண்டிக்கு, நிறுத்துவதற்கு ஒரு சாதனம்! நான் பார்த்த அத்தனை 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்'குகளிலும் இதைவிட உயர்ந்தது ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

தம்பி பொறுமை இழந்துவிட்டான். "அக்கா, என் கார் விஷயம்?"

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி டீக்கடைகள், கைவினைக் கடைகள், வெளிநாட்டுக்காரர்கள், மயில்கள். சாலை ஓரமாக நின்ற வண்டிகளில் தம்பியின் கண்ணுக்கு நாலு தார்கள் அகப்பட்டன. டீக்கடை பெஞ்சியில் அம்மாவை உட்கார்த்திவிட்டுப் பேட்டியை ஆரம்பித்தோம்.

முதலில் அகப்பட்டவர்கள் பெங்களூரிலிருந்து வந்த இளம் தம்பதிகள். 2021-ல் வாங்கிய வண்டி. மேலே துணிக் கூரை. வேண்டும்போது மடக்கிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தப் பையன் கூரையைப் பற்றிக் கவிதையாகப் பேசினான். மனைவி அவன் முடிக்கும்வரை காத்திருந்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நாலு வருஷத்தில் ஐந்து தடவை மடக்கியிருப்பார் அக்கா. வெயில், இல்லாவிட்டால் மழை, இல்லாவிட்டால் லாரிப் புகை. இங்கே வந்தால் குரங்கு வேறே." நிஜந்தான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் (மலையைச் சேர்ந்த குடும்பம்!) கூரையில் ஏறிச் சறுக்குமரம் விளையாட ஆரம்பித்தது. பையன் 'ஸ்போர்ட்' என்பதன் அர்த்தம் புரிந்தவன்போல் ஓடினான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வண்டியின் மேல் கோபம் இல்லை. "உள்ளே சேறானால் தண்ணீர் விட்டே கழுவிவிடலாம், தரையில் வடிகால் துவாரம் வைத்திருக்கிறார்கள்" என்று பெருமையாகக் காட்டினாள். முற்றம் கழுவுகிற மாதிரிக் கார் கழுவலாம் என்பது எனக்கும் பிடித்திருந்தது.

அடுத்தவர் போளூர்ப் பக்கத்து விவசாயி. அவருடையது 2010-ல் வந்த பழைய மாதிரி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் என்பதால் அவர் சொல்வதைக் கவனித்துக் குறித்துக்கொண்டேன். "பழசிலே பின் சக்கரத்துக்கு அடுக்குப் பட்டை வில்லு. வில் வண்டிக்குப் போடுவாங்களே, அந்த ஜாதி. பாரம் ஏத்தினா அசையாது. ஆளு மட்டும் போனா இடுப்பு எலும்பை எண்ணிக்கிட்டே போகலாம். புதுசிலே சுருள் வில்லு போட்டுட்டாங்க. சத்தம் கம்மி, ஆட்டம் கம்மி. நம்ம வீட்டு அம்மா புதுசிலே போனா தூங்கிடுது, பழசிலே போனா என்னைத் திட்டிக்கிட்டே வருது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினீயரும் சொல்ல முடியாது.

அவருக்கு இருந்த ஒரே குறை, புது வண்டியின் வகைகள். 2020-ல் வந்தபோது ஏ.எக்ஸ்., எல்.எக்ஸ். என்று பிரித்தார்கள். ஏ.எக்ஸில் சில வண்டிகளுக்குப் பின்னால் பஸ் பெஞ்சி மாதிரி எதிரும் புதிருமாக நாலு பேர் உட்காரும் ஏற்பாடு இருந்தது. கிராமத்துக்கு அதுதான் தோது. ஆனால் வெகு சீக்கிரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் முன்பார்த்தே உட்கார வேண்டும். பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் நியாயம். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற சோதனையில், முன்பார்த்து உட்காரும் வண்டிக்குப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமாக நாலு நட்சத்திரம் கிடைத்தது. "நட்சத்திரம் சரி, என் ஆளுங்களை எதிலே ஏத்திக்கிட்டுப் போறது?" என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வண்டி கொஞ்சம் நீளமாக, பின்னாலும் கதவு வைத்து நின்றது. ஓட்டி வந்தவர் புதுச்சேரி டாக்டரம்மா. 2024 ஆகஸ்டு 15-ல் வெளியான 'தார் ராக்ஸ்'. அச்சுக்கு அச்சு 40 சென்டிமீட்டர் நீட்டி, பக்கத்துக்கு இரண்டாக நாலு கதவு வைத்து, பின் கதவையும் சேர்த்து ஐந்து என்று கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு உடனே 1968 ஞாபகம் வந்தது. 56 வருஷம் கழித்து அதே பாடம்!

"எத்தனை வகை தெரியுமா? எம்.எக்ஸ். ஒன்று, மூன்று, ஐந்து, ஏ.எக்ஸ். மூன்று, ஐந்து, ஏழு, அதற்கும் வால் எழுத்து. பரீட்சை நம்பர் மாதிரி இருக்கிறது. எதில் எது கிடைக்கும் என்று நான் ஒரு நோட்டுப் புத்தகமே போட்டேன்" என்று சிரித்தார் டாக்டரம்மா. காற்று வீசும் முன் ஸீட்டு அவருக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடிக் கூரை குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது. பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்பதை இரண்டு தரம் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இந்த வெள்ளை ஸீட்டுத்தான்..."

எட்டிப் பார்த்தேன். தும்பைப்பூ வெள்ளை. அதில் ஒரு ஓரம் குங்குமம், ஒரு ஓரம் விபூதி, நடுவில் சாக்லேட். குழந்தைகளும் கோவிலும் உள்ள வீட்டுக்கு வெள்ளை ஸீட்டு என்று தீர்மானித்தவர் துணி துவைத்தே இராதவராக இருக்க வேண்டும். வாங்கியவர்கள் பலரும் இதையே சொல்லப் போய், கம்பெனி பிறகு சில வகைகளில் காப்பிப் பொடி நிறத்தில் ஸீட்டு கொடுக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா முதலிலேயே வாங்கிவிட்டார், பாவம்.

இதற்குள் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யார் என்ன குறை சொன்னாலும் அவனுக்கு அது காதில் விழுவதில்லை. "150 குதிரைச் சக்தி பெட்ரோல், 130 டீசல், நாலு சக்கரத்துக்கும் விசை" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மாம்பலத்தில் காய்கறி வாங்க நாலு சக்கரத்துக்கும் விசை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு முப்பத்திரண்டு வயது; ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டிய வயதுதான். எனக்கு வருத்தம் வேறு. பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அம்மாவை அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் விடைபெற்று வந்தபோது அம்மா என்னை அருகில் கூப்பிட்டாள். "அவன் ஆசைப்பட்டதையே வாங்கட்டும்டி. என்னாலே பின்னாலே நுழைஞ்சு ஏற முடியாது. பரவாயில்லே. எங்கேயாவது போகணும்னா நான் ஆட்டோவிலே வந்துடறேன்."

அழுகிற குரலில் சொல்லவில்லை. 'எனக்கு மோர் மட்டும் போதும்' என்கிற குரலில் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாலாவது வண்டிக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. இந்த ஊரிலேயே வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். சாலைக்கு எதிர்ப்புறம் வீடு. அவருடைய தார் 2025 அக்டோபரில் திருத்தி வெளியிட்ட மாதிரி. "இங்கே வாங்க தம்பி" என்று உரிமையோடு கூப்பிட்டார். "இதுவும் பக்கத்துக்கு ஒரு கதவு வண்டிதான். ஆனா முன்னே வாங்கினவங்க சொன்னதையெல்லாம் காதிலே போட்டுக்கிட்டிருக்கான். கண்ணாடி ஏத்தி இறக்குற சுவிட்சு முன்னே நடுவிலே கியர் பக்கத்திலே இருந்தது. இப்போ கதவிலேயே வந்துடிச்சு. பெட்ரோல் மூடியைச் சாவி போட்டுத் திறக்கணும். இப்போ உள்ளேயிருந்தே திறக்கலாம். பின்னாலே உக்காந்தவங்களுக்குக் குளிர்காத்து வராது, இப்போ வருது. இதோ பாருங்க, ஏறும்போது பிடிச்சுக்க முன் கண்ணாடித் தூணிலே கைப்பிடி. எங்க ஜில்லாவிலேயே, செய்யாறு பக்கம், 454 ஏக்கரிலே ஓட்டிப் பார்க்கிற மைதானம் வெச்சிருக்கான். 2021-லேருந்து நடக்குது. அதனாலே எங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு!"

அவர் மனைவி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "கைப்பிடியெல்லாம் முன்னாலேதான். பின்னாலே ஏறுறதுக்கு நான் இன்னும் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுத்தான் ஏறுறேன். அதையும் சொல்லுங்க!"

"சொல்லிட்டேன்" என்றார் அவர் அவசரமாக.

வண்டியும் கோவிலும் என்றதும் அவருக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் கம்பெனி குருவாயூரப்பனுக்கு ஒரு தாரைக் காணிக்கையாகக் கொடுத்தது. தேவஸ்தானம் ஏலம் விட்டபோது வந்தவர் ஒரே ஒருவர். 15 லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கேட்டார். ஆட்சேபணை எழுந்து விவகாரம் ஹைகோர்ட்டுவரை போய், 2022 ஜூனில் மறு ஏலம் விட்டதில் 43 லட்சத்துக்குப் போயிற்று! "நம்ம அண்ணாமலையாருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவருக்கு மரத் தேரே போதும்" என்று சிரித்தார்.

பிறகு அம்மாவிடம் வந்து, "ஏறிப் பாருங்கம்மா, முன் ஸீட்டிலே" என்றார்.

அம்மா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, ஏதோ பிடிவாதம் வந்தவள்போல் எழுந்தாள். ஒரு கையால் அந்தக் கைப்பிடியைப் பற்றி, ஒரு கையை என் தோளில் ஊன்றி, படியில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்! ஸீட்டு உயரம். முன் கண்ணாடி முழுவதும் மலை. இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கறியாம்மா?" என்றேன்.

"எதுக்கு? ஏறினது ஏறியாச்சு. மலையை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமே" என்று கடலை மண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டாளே பார்க்கலாம்! எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவரோ, "அதுக்கென்ன, பதினாலு கிலோமீட்டர்தானே!" என்று உடனே சாவியை எடுத்துவிட்டார்.

அம்மா முன்னால். அவர் ஓட்டுகிறார். மீதி இருப்பது பின் ஸீட்டு. தம்பியும் நானும் முன் ஸீட்டு சாய்ந்த சந்தில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தோம். நான் எப்படி நுழைந்தேன் என்பது எனக்கும் அண்ணாமலையாருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். தம்பியின் தலை கூரையில் 'ணங்' என்று ஒரு தரம் மோதியது. பக்கத்துக் கண்ணாடியைத் திறக்கத் தேடினான். பின்னால் உள்ளது திறக்கிற கண்ணாடி இல்லை.

வண்டி மெதுவாகப் போயிற்று. பௌர்ணமி இல்லாததால் கூட்டம் கிடையாது. நாலைந்து சாமியார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் சில பெண்கள். எம லிங்கத்தில் அம்மா உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். நிருதி லிங்கத்தில் மண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, பூ வாங்கி அவளிடம் கொடுத்தார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு இந்தப் பாதையைக் கால்நடையாகச் சுற்றியதையும், வழியில் கால் கொதித்து ஒரு குளத்துப் படியில் உட்கார்ந்ததையும், ஒரு வருஷம் தீபத்துக்கு வந்து அம்மன் தேர் வடத்தைத் தொட்டதையும் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் இருவருக்கும் இவை ஒன்றும் தெரியாது. அவள் முன் ஸீட்டில் உட்கார்ந்து பிரயாணம் செய்து நாங்கள் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் என் புத்தியில் பட்டது.

பின் ஸீட்டில் தம்பி முழங்காலை ஒரு பக்கம் திருப்பி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அடி அண்ணாமலையைத் தாண்டும்வரை குதிரைச் சக்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அம்மா கண்ணை மூடிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தாள். தம்பி என் காதருகே குனிந்தான்.

"அக்கா, அந்த டாக்டரம்மா வண்டி... நாலு கதவு வெச்சது. அதிலே காப்பிப் பொடிக் கலர் ஸீட்டு எந்த வகையிலே வருதாம், கேட்டு வெச்சுண்டியா?"